பழைய செட் 15 ஆயிரம், புது செட் 55 ஆயிரம்: முதல் கோல்ஃப் கிளப் (மட்டை) எதை வாங்குவது?

#1 நொய்யல்_நடை, கோவை

வணக்கம். எட்டு மாதமாகக் கோல்ஃப் பழகுகிறேன். வயது 41, உயரம் ஐந்தடி நாலங்குலம். ஒரு சனிக்கிழமை ஆபீஸ் ஆட்கள் செட்டிபாளையம் கோர்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்; இன்று மாதம் ஆறு தடவை ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) நிற்கிறேன். கோச்சின் 7 அயர்ன் (இரும்புத் தலை கிளப்; எண் கூடக்கூடத் தூரம் குறையும்), இரவல் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கிளப்), இந்த இரண்டை வைத்தே இதுவரை காலத்தை ஓட்டிவிட்டேன். (பட்டர் வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில், "ஃப்ரிட்ஜில் இருக்கிறதே" என்றார்கள். அந்த நிலையில்தான் இருக்கிறோம்.)

இனி சொந்தமாக வாங்கியாக வேண்டும். மூன்று வழி தெரிகிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர் ஒருவர் இருக்கிறார். 1980களில் வாங்கிய ஃபோர்ஜ்டு பிளேடு செட் (அடித்துச் செய்த, மெல்லிய தலை அயர்ன்கள்), 2 அயர்ன் முதல் சாண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து பந்தைத் தூக்கும் கிளப்) வரை, மர டிரைவர் (முதல் அடிக்கான நீளமான கிளப்), பட்டர், தோல் பை, எல்லாம் சேர்த்து 15 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். பார்க்க நகை மாதிரி இருக்கிறது. இரண்டாவது, கடையில் பெட்டியோடு வரும் 12 கிளப் புது செட், 55 ஆயிரம். மூன்றாவது, துபாயில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் வருகிறான். நல்ல பிராண்டில் ஒரு டிரைவர் மட்டும் எடுத்துவரச் சொல்லலாமா என்று கை அரிக்கிறது.

ஆட்டம் எப்படி என்றால்: 7 அயர்ன் சரியாகப் பட்டால் 120 கஜம். நண்பர்களின் டிரைவரை வாங்கி அடித்தால் பத்தில் எட்டு பந்து வலப்பக்கம் வளைந்து அடுத்த ஃபேர்வேக்கு, அதாவது பக்கத்துக் குழியின் புல் பாதைக்கு, போய்விடுகிறது. சொல்லுங்கள்.

#2 ஸ்லைஸ்சாமி, பெங்களூரு

டிரைவர் வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ஆட ஆரம்பித்த வருஷம் நான் செய்த முதல் வேலை அதுதான். டிவியில் ஒருவர் 300 கஜம் அடித்ததைப் பார்த்துவிட்டு அவர் கையில் இருந்த அதே டிரைவர், அதே 9 டிகிரி முகச் சாய்வு, அதே எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் (மிக விறைப்பான) ஷாஃப்ட், அதாவது தண்டு, வாங்கினேன். பந்து எழும்பவே மாட்டேன் என்றது. எழும்பினால் வலது பக்க யூகலிப்டஸ் தோப்பு. ஆறு மாதம் கழித்து கோச் என் வேகத்தை அளந்துவிட்டு, "சார், இது உங்களைவிட 30 மைல் வேகமாகச் சுழற்றுகிறவருக்குச் செய்தது" என்றார். இப்போது மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. அந்த வேலையை நன்றாகவே பார்க்கிறது.

#3 கிரிப்மாஸ்டர், சென்னை

வார இறுதிகளில் நண்பர்களின் கிளப்புகளுக்கு கிரிப் (கைப்பிடி) மாற்றுவது, ஷாஃப்ட் மாற்றுவது என் பொழுதுபோக்கு. கையில் வந்து போன செட்டுகளை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. ஒரு சுற்றில் பையில் 14 கிளப்புக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இத்தனைக்குக் குறையக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் 14 என்பதை ஏதோ மளிகை லிஸ்ட் மாதிரி எடுத்துக்கொண்டு நிரப்பப் பார்க்கிறார்கள். உங்களுடைய 6 அயர்னும் 7 அயர்னும் இன்றைக்கு ஒரே தூரம்தான் போகும். அந்த இரண்டுக்கும் தனித்தனியாக ஏன் காசு கொடுக்க வேண்டும்?

பிளேடு விஷயம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலையில் எடை முழுவதும் நடுவில் குவிந்திருக்கும். அங்கே பட்டால் வெண்ணெய். அரை அங்குலம் தள்ளிப் பட்டால் கை விறைத்துப்போகும், பந்து 20 கஜம் முன்னாலேயே விழும். கேவிட்டி பேக்கில் நடுவைக் குடைந்து எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். தள்ளிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற இன்ஜினியர் ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்துக்கொண்டே 1959இல் தன் வீட்டு கராஜில் செய்த பட்டர், பந்தில் பட்டதும் 'பிங்' என்று ஒலித்தது. கம்பெனிக்கு அதுவே பெயரானது. எடையை ஓரத்துக்குத் தள்ளும் அந்த யோசனையை அப்புறம் அயர்னுக்கும் கொண்டுவந்தார். கோல்ஃப் சாமான்களில் நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரருக்கு நடந்த பெரிய நல்லது அதுதான் என்பது என் கட்சி. டிரைவர் சமாச்சாரமெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அடுத்தது லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு. பழைய செட்டில் 7 அயர்ன் 34, 35 டிகிரி இருக்கும். இன்றைய கேம் இம்ப்ரூவ்மென்ட் (தப்பைப் பொறுத்துக்கொள்ளும்) செட்டில் அதே 7 என்று எழுதியிருப்பது 28, 29 டிகிரிதான். பழைய கணக்கில் அது கிட்டத்தட்ட 5 அயர்ன். கடையில் புது 7 அயர்னைக் கொடுத்து, "பாருங்கள் சார், 15 கஜம் கூடுகிறது" என்றால் பாதி மர்மம் இதில் இருக்கிறது. ஏமாற்று என்று சொல்லமாட்டேன். எடையைக் கீழே இறக்கியதால் அந்தக் குறைந்த லாஃப்ட்டிலும் பந்து உயரமாக எழும்புகிறது. ஆனால் எண்ணை நம்பாதீர்கள், டிகிரியைக் கேளுங்கள். கிட்ட தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜே 43, 44 டிகிரியில் முடிந்துவிட்டால் அடுத்த சாண்ட் வெட்ஜ் 56இல் இருக்கும். நடுவில் ஒரு பள்ளம். 90 கஜத்தில் நின்றுகொண்டு எதை எடுப்பது என்று முழிப்பீர்கள்.

ஷாஃப்ட்தான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி, தலை இரண்டாவது. பழைய செட்டில் இருப்பது ஸ்டீல், ஒவ்வொன்றும் 120 கிராம் வாக்கில் இருக்கும். கிராஃபைட்டில் 60, 70 கிராமில் கிடைக்கிறது. 7 அயர்ன் 120 கஜம் போகிறவருக்கு லைட் கிராஃபைட், ரெகுலர் ஃபிளெக்ஸ் (ஷாஃப்ட் வளையும் அளவு) போதும். சீனியர் ஃபிளெக்ஸ்கூடப் பொருந்தலாம். பெயரைப் பார்த்து ரோஷப்பட வேண்டாம். ரெகுலர், ஸ்டிஃப் என்பதற்குக் கம்பெனிகளுக்குள் பொது அளவுகோலும் கிடையாது. ஒருவரின் ரெகுலர் இன்னொருவரின் ஸ்டிஃப். அடித்துப் பார்க்காமல் வாங்கினால் லாட்டரிதான்.

டிரைவர் வலப்பக்கம் வளைவதற்குக் காரணம் கிளப் வருகிற பாதைக்கு அதன் முகம் திறந்திருப்பது. 50 ஆயிரம் ரூபாய் டிரைவருக்கும் முகம் அப்படித்தான் திறந்திருக்கும். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். லாஃப்ட் கூடக்கூடப் பந்தின் பின்சுழற்சி கூடும், பக்கவாட்டு வளைவு அடங்கும். அதனால்தான் ஒரே ஆள் ஒரே சுவிங்கில் 9 அயர்னை நேராகவும் டிரைவரைக் கோணலாகவும் அடிக்கிறார். போதாக்குறைக்கு டிரைவர் ஷாஃப்ட் 45 அங்குலத்துக்கு மேல். ஐந்தடி நாலங்குல ஆளுக்கு அது மூங்கில் கழி. இப்போதைக்கு 18 டிகிரி 5 வுட் (டிரைவரைவிடக் குட்டையான, சிறிய தலை கிளப்) ஒன்றை வாங்கி டீயிலிருந்தும் (முதல் அடி அடிக்கும் இடம்) அதையே அடியுங்கள். டிரைவர் அடுத்த வருஷம், 12 டிகிரிக்குக் குறையாமல்.

ஆக என் லிஸ்ட்: 5 வுட், 5 ஹைப்ரிட் (வுட்டும் அயர்னும் கலந்தது), 7, 9, பிட்சிங் வெட்ஜ், 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், பட்டர். ஏழு. அயர்னை எல்லாம் பழையதாக, ஆனால் 10 வருஷத்துக்குள் செய்த கேவிட்டி பேக்காகப் பாருங்கள்.

#4 வென்லாக், ஊட்டி

கிரிப்மாஸ்டர் தம்பி விவரமாக எழுதியிருக்கிறார். ஆனாலும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

எனக்கு வயது 68. நான் பழகியது மரத் தலை டிரைவரில். அந்தத் தலை 200 சிசிகூட இருக்காது. இப்போது 460 சிசி வரை அனுமதி, கிட்டத்தட்ட கறிச்சட்டி. பிளேடு ஒரு வாத்தியார். தப்பாக அடித்தால் உடனே கையில் பிரம்படி விழும். கேவிட்டி பேக் செல்லம் கொடுக்கும் பாட்டி. எது பிள்ளையைத் தேற்றும்?

அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக (ஆட்டக்காரரின் பையைச் சுமப்பவராக) இருந்தவர். 1991இல் இந்தியன் ஓபன் ஜெயித்தார். அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். பெங்களூரில் கேடியாக ஆரம்பித்த முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். கேடியாக இருந்தவர்கள் லாஞ்ச் மானிட்டர் (அடியை அளக்கும் கருவி) முன்னால் நின்று அளவெடுத்தா ஆட்டம் கற்றிருப்பார்கள்?

எங்கள் வென்லாக் டவுன்ஸில் தட்டையான இடம் என்று ஒன்று கிடையாது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. காற்று மெல்லிசு என்பதால் பந்து சமவெளியைவிட நூற்றுக்கு எட்டுப் பங்காவது கூடுதலாகப் போகும். எந்தக் கடை அளவும் இங்கே செல்லாது. 15 ஆயிரம் நியாயமான விலை. வாங்கிவிடுங்கள்.

#5 ஒன்பதாம்குழி, சிங்கப்பூர்

வென்லாக் ஐயா, உங்கள் வாத்தியார் உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் பிரம்படிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்ட பிள்ளைகளும் உண்டு. நான் அதில் ஒருத்தி.

நான் ஐந்தடி ஒன்று. ஆரம்பத்தில் என் கணவரின் பழைய ஸ்டீல் செட்டைக் கொடுத்து, "ஒரு அங்குலம் வெட்டிவிட்டால் உனக்குச் சரியாகிவிடும்" என்றார்கள். வெட்டினோம். ஷாஃப்ட்டை நுனியில் வெட்டினாலும் கிரிப் பக்கம் வெட்டினாலும் அது இன்னும் விறைப்பாகத்தான் ஆகும் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. நீளம் குறைந்ததும் தலையின் கனமும் கையில் தெரியாமல் போனது. அரை அங்குலத்துக்கு மூன்று சுவிங்வெயிட் (அந்தக் கனத்தின் அளவு) புள்ளி இறங்கும் என்று பிற்பாடு கற்றுக்கொண்டேன். தலை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் துடைப்பம் சுற்றுகிற மாதிரி ஒரு வருஷம் சுற்றினேன். முழங்கை வலி வந்ததுதான் மிச்சம். கோல்ஃபே வேண்டாம் என்று இரண்டு வருஷம் ஒதுங்கியிருந்தேன்.

நொய்யல், நீங்களும் உயரம் குறைவு. அதனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: லை ஆங்கிள். கிளப்பைத் தரையில் வைக்கும்போது அடிப்பாகம் முழுவதும் படிகிறதா, நுனி தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பது. நுனி, அதாவது டோ, தூக்கி நின்றால் நமக்கு அது அப்ரைட் (அளவுக்கு மீறி நிமிர்ந்தது). பந்து இடப்பக்கம் இழுக்கும். வீட்டிலேயே சோதிக்கலாம். பந்தில் மார்க்கர் பேனாவால் தடிமனாக நேர்க்கோடு போட்டு, கோடு செங்குத்தாகக் கிளப்பைப் பார்க்கிற மாதிரி வைத்து அடியுங்கள். முகத்தில் கோடு அச்சாகும். கோட்டின் தலை டோ பக்கம் சாய்ந்திருந்தால் உங்களுக்கு அந்தக் கிளப் அப்ரைட்.

#6 ஸ்லைஸ்சாமி, பெங்களூரு

அக்கா, இதை ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா.

#7 கிரிப்மாஸ்டர், சென்னை

வென்லாக் ஐயாவுக்கு மரியாதையோடு ஒன்று. அலி ஷேரும் முனியப்பாவும் சிறுவயதில் இருந்து கோர்ஸிலேயே கிடந்தவர்கள். நொய்யல் மாதம் ஆறு தடவை ரேஞ்சுக்குப் போகிறவர், அதுவும் செயற்கைப் புல் பாய் மேல். பாயில் ஒரு சூட்சுமம் உண்டு: பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையில் பட்டாலும் கிளப் வழுக்கிப்போய் பந்தை அடித்துவிடும், அடி நன்றாக இருந்த மாதிரியே தோன்றும். புல்லில் அதே அடிக்குப் பெயர்ந்த மண் முன்னால் போகும், பந்து அங்கேயே இருக்கும். ஆகவே வாத்தியார் பிளேடு பாயில் வாயே திறக்கமாட்டார். கோர்ஸில்தான் திட்டுவார், அங்கே இவருக்குக் கற்றுக்கொள்ள நேரம் கிடையாது, பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய ஃபோர்ஜ்டு செட் உசத்தி. இரும்பு மென்மையானது, லை ஆங்கிளை இரண்டு டிகிரி வளைப்பது சுலபம். வார்ப்பில் செய்தவற்றில் சில வளையாமல் முறிந்துவிடும்.

#8 நொய்யல்_நடை, கோவை

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மார்க்கர் சோதனை செய்து பார்த்தேன். கோச்சின் 7 அயர்னில் பத்து பந்து. ஒன்பதில் கோட்டின் தலை டோ பக்கம் சாய்ந்தே விழுந்திருக்கிறது. எட்டு மாதமாக அயர்ன் இடப்பக்கம் போவதற்கு என் கைதான் காரணம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். கோச் ஆறடி மனிதர்.

வேகத்தையும் அளக்கச் சொன்னேன். நண்பரின் டிரைவரில் மணிக்கு 82 மைல். கோச் மரியாதைக்கு, "நல்ல டெம்போ" என்றார்.

தெருப் பெரியவரின் செட்டையும் ஒரு மாலை எடுத்துப்போய் அடித்துப் பார்த்தேன். 30 பந்தில் மூன்று பட்டது. அந்த மூன்றும்... என்ன சொல்ல, கைக்கு எதுவும் பட்ட மாதிரியே இல்லை. மற்ற 27க்கு இன்னும் விரல் மரத்துப்போயிருக்கிறது. வென்லாக் ஐயா சொல்வதும் புரிகிறது, கிரிப்மாஸ்டர் சொல்வதும் புரிகிறது.

மச்சான் வேறு ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறான். பெரிய பிராண்டின் டிரைவர், கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு. அங்கிருந்து வாங்கலாமா?

#9 ரயில்பாதை, கொழும்பு

நொய்யல் அண்ணா, அந்த லிங்கைத் தொடவே வேண்டாம்.

என் பெயரைப் பார்த்து ரயில்வேக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பு ராயல் கோல்ஃப் கிளப், 1879இல் தொடங்கியது, அதன் நடுவால் களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் நின்று பார்த்துவிட்டு அடிக்க வேண்டியதுதான். என்னுடைய ஸ்லைஸ் (வலப்பக்கம் வளையும் அடி) ஒன்று ஓடும் ரயிலில் ஏறி அவிசாவளைப் பக்கம் போயிருக்கக்கூடும்.

விஷயத்துக்கு வருகிறேன். இப்படித்தான் இணையத்தில் ஒரு டிரைவரை அரை விலைக்கும் கீழே வாங்கினேன். பெட்டி, உறை, தலையில் எழுத்து எல்லாம் அச்சு அசல். மூன்றாம் கிழமை தலையில் விரிசல். ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசை லாச்சியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து முகத்தில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. அந்த மாடலின் தலை டைட்டானியம் என்று எழுதியிருக்கிறது. டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. ஆணியும் எடைத் துண்டும் இருக்கிற இடத்தில் ஒட்டலாம், முகத்தில் ஒட்டக் கூடாது.

பாவித்த கிளப் வாங்கும்போது நான் பார்ப்பது: ஷாஃப்ட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கடகட என்று சத்தம் வருகிறதா, ஸ்டீலில் துருப்பள்ளம் இருக்கிறதா, கிராஃபைட்டில் பையின் விளிம்பு உரசி நார் கிளம்பியிருக்கிறதா, வெட்ஜின் கோடுகள் நகத்துக்குத் தட்டுப்படுகிறதா. கிரிப் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். விலையைக் குறைத்துக் கேட்கவும் உதவும்.

#10 கிரிப்மாஸ்டர், சென்னை

ரயில்பாதை சொன்னதோடு இன்னொன்று. நம் ஊர் வெயிலில் கிளப் பையைக் கார் டிக்கியிலேயே மாதக்கணக்கில் போட்டு வைக்கிறார்கள். தலையை ஷாஃப்ட்டோடு ஒட்டுவது எபாக்ஸி பசை. திரும்பத் திரும்பச் சூடேறினால் அது இளகும். ஒரு நாள் பந்தைவிடத் தலை அதிக தூரம் போகும். சிரிக்காதீர்கள், இந்த வருஷம் மட்டும் எனக்கு அப்படி இரண்டு வந்தது.

கிரிப் பற்றி யாரும் பேசவில்லை. சென்னை வியர்வையில் ரப்பர் கிரிப் ஒரு வருஷத்தில் கண்ணாடி மாதிரி வழுவழுக்கும். வழுக்கினால் இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கினால் முன்கை விறைக்கும், முகம் மூடாது, திரும்பவும் ஸ்லைஸ். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் காயவைத்தாலே பாதி உயிர் வரும். நூல் கலந்த கார்டு கிரிப் வியர்வைக்கு நல்லது, ஆனால் கை உரியும். இடது கையுறை இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈரமாகப் பையில் திணித்தால் அடுத்த வாரம் அப்பளமாக இருக்கும்.

#11 ஸ்லைஸ்சாமி, பெங்களூரு

பந்து? விலை கூடிய யூரித்தேன் (மென்மையான உறை போட்ட) பந்துதான் கிரீனில் (குழி இருக்கும் மழித்த புல்தரையில்) நிற்கும் என்று எங்கள் குழுவில் ஒருவர் ஒரு டஜன் வாங்கிக்கொடுத்தார். முதல் ஒன்பது குழியில் ஏழு போச்சு.

#12 ஒன்பதாம்குழி, சிங்கப்பூர்

சாமி, கிரீனில் பந்து நிற்க வேண்டுமென்றால் முதலில் அது கிரீனுக்குப் போக வேண்டும்.

சுற்றுக்கு நாலு பந்துக்கு மேல் தொலைக்கிறவர்கள் டூ பீஸ் (உள்ளே ஒரு உருண்டை, மேலே ஒரு உறை) பந்தோடு நிறுத்திக்கொள்ளலாம். குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விற்பதும் போதும். ஆனால் ஒரு சுற்று முழுக்க ஒரே மாடல் பந்தாக ஆடுங்கள். ஒரு குழியில் கல் மாதிரி பந்து, அடுத்த குழியில் மெத்தென்ற பந்து என்றால் சிப் (கிரீன் பக்கத்துச் சின்ன அடி) அடிக்கும் கைக்கு எதுவுமே பழகாது.

நொய்யல், எல்லோரும் டிரைவரைச் சுற்றியே பேசுகிறோம். பார் 72 கோர்ஸில் (18 குழியையும் 72 அடியில் முடிக்க வேண்டியது) ஒரு குழிக்கு இரண்டு பட் (பட்டர் அடி) என்று 36 அடியை அந்தக் கணக்கிலேயே ஒதுக்கியிருக்கிறார்கள். சரி பாதி. அப்படிப் பார்த்தால் நேரம் எடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது பட்டரைத்தான். கடையில் தொங்குவது எல்லாம் 34, 35 அங்குலம். நம் உயரத்துக்கு 33 போதும். குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே வருகிறதா என்று பாருங்கள். மூக்கின் மேற்புறத்திலிருந்து ஒரு பந்தை விட்டால் கீழே இருக்கும் பந்தின் மேல் விழ வேண்டும். என் பட்டர் விஷயத்தில் நான் பிராண்டே பார்க்கவில்லை; பந்தில் படும்போது வரும் சத்தம் பிடித்திருந்தது, எடுத்தேன். பதினோரு வருஷம் ஆகிறது.

#13 வென்லாக், ஊட்டி

இந்த அம்மா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன்.

வெட்ஜ் பற்றியும் ஒரு வார்த்தை. 56 டிகிரி என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பவுன்ஸ் எத்தனை என்று கேளுங்கள். அடிப்பாகத்தின் பின்விளிம்பு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான் அது. ஜீன் சாரசென் அந்தப் பின்விளிம்பில் ஈயம் வைத்துக் கனமாக்கிய வெட்ஜோடு 1932 பிரிட்டிஷ் ஓபனுக்குப் போய் ஜெயித்தார். அதற்கு முன்பு பங்கரில் (மணல் பள்ளத்தில்) விழுந்தவன் கதி அதோகதி. பவுன்ஸ் கூடுதலாக இருந்தால் மணலில் புதையாது. ஆனால் கோவை வெயிலில் காய்ந்து இறுகிய தரையில் அதே வெட்ஜ் குதித்துப் பந்தின் வயிற்றில் அடிக்கும். நீங்கள் ஆடும் தரையைப் பார்த்து 10 டிகிரி பக்கம் நடுவாந்தரமாக எடுங்கள்.

#14 நொய்யல்_நடை, கோவை

வாங்கிவிட்டேன். கணக்கு ஒப்பிக்கிறேன்.

பாவித்த கேவிட்டி பேக், கிராஃபைட் ரெகுலர், 6 முதல் பிட்சிங் வெட்ஜ் வரை ஐந்து அயர்ன், 22 ஆயிரம். விற்றவர் பிரித்துத் தர மறுத்துவிட்டார். 6ஐயும் 8ஐயும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். லை இரண்டு டிகிரி ஃபிளாட் (சாய்வாக) பண்ணச் சொன்னேன். இந்த மாடல் வளையும் என்று பார்த்து உறுதி செய்த பிறகுதான் கைவைத்தார்கள். மறுபடி மார்க்கர் சோதனை: கோடு கிட்டத்தட்ட நேர். பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி, சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் கிரிப்மாஸ்டர் சொன்ன பள்ளம் அப்படியே இருக்கிறது. 50 ஒன்று பின்னால் வாங்க வேண்டும். 5 வுட்டும் 5 ஹைப்ரிட்டும் மச்சான் துபாயில் கடைக்கே நேரில் போய் எடுத்துவந்தான், பில்லோடு. வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் ஸ்லேட்டிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி இரண்டின் மேலும் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. ஒரு நிமிஷம் மூச்சு நின்றுவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, ஃபேர்வே வுட்டும் ஹைப்ரிட்டும் பெரும்பாலும் ஸ்டீல் தலைதானாம்.

டிரைவர் வாங்கவில்லை. போன ஞாயிறு 5 வுட்டிலேயே எல்லா டீயிலும் அடித்தேன். 165 கஜம்தான், ஆனால் குட்டைக் குழிகளை விட்டால் 14 தடவையில் 9 ஃபேர்வேயில் கிடந்தது. கூட வந்தவர்கள் ஏழாவது குழியோடு கிண்டலை நிறுத்திவிட்டார்கள்.

தெருப் பெரியவரிடம் போய், செட் வேண்டாம் ஐயா என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. கேட்டுவிட்டு, "அப்படியானால் பட்டரையாவது எடுத்துக்கொள்" என்றார். பித்தளைத் தலை, 33 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. எவ்வளவு என்றேன், பதில் சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை என்னையும் கூட்டிப்போ, நடந்து வருகிறேன் என்றார். பையின் அடியில் ஆறு பந்துகள் இருந்தன. கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது. அளந்து பார்த்தால் 1.62 அங்குலம், இன்றைய பந்து 1.68. பழைய பிரிட்டிஷ் அளவு என்றும் 1990இலேயே அது போய்விட்டது என்றும் அவரே சொன்னார். அவற்றைத் தரமாட்டேன் என்று திரும்ப எடுத்துக்கொண்டார்.

#15 வென்லாக், ஊட்டி

பெரியவர் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். பிளேடு செட்டை நானே எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாரம் ஊட்டிக்கு வந்து ஆடுங்கள். ஆனால் அந்த ஹைப்ரிட்டை மட்டும் கார் டிக்கியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

#16 நொய்யல்_நடை, கோவை

டிக்கியில் விட்டால் பசை இளகிவிடும் என்று கிரிப்மாஸ்டர் சொல்லியிருக்கிறாரே ஐயா.

#17 கிரிப்மாஸ்டர், சென்னை

ஊட்டியில் இளகாது. தாராளமாக விடலாம்.